பாரதிதாசன் என்னும் பெயர்

கவிஞன் எங்கிருந்து உருவாகிறான் என்பது எழுதத் தொடங்கும் எவர் உள்ளத்திலும் எழும் வினா. பிறவியிலேயே அமைவது கவிதை என்பார் சிலர். பெரியார் ஒருவரின் அருகில் இருந்து பெறுவது என்பார் சிலர். காலமும் இயக்கமுமே ஒருவனைப் பாட வைக்கின்றன என்பார் வேறு சிலர். நம் வட்டத்தின் கூட்டங்களிலும் இவ்வினா பல வடிவங்களில் எழுந்ததுண்டு. யாரைப் பின்பற்றி எழுதுவது, எத்தனை காலம் பின்பற்றுவது, எந்த இடத்தில் விலகுவது என்றெல்லாம் இளங்கவிஞர்கள் கேட்பதுண்டு. விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் புதுவை மண்ணில் வாழ்ந்து மறைந்த ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்க்கையே அதற்குப் போதுமானது.

கனகசுப்புரத்தினம் என்பது அவருக்குப் பெற்றோர் தந்த பெயர். பாரதிதாசன் என்பது அவர் தாமே தேடிக்கொண்ட பெயர். ஆசானுக்குத் தொண்டன் எனத் தம்மை அழைத்துக்கொண்ட அவர், பாட்டிலும் கொள்கையிலும் தமக்கெனத் தனி வழி கண்டார். ஆசான் உயிராகப் போற்றிய நம்பிக்கைகள் பலவற்றை விட்டு வெகுதொலைவு வந்துவிட்டார். ஆயினும் அப்பெயரை மட்டும் இறுதிவரை விட்டாரில்லை. விலகியும் கடன் மறவாமல் வாழ்ந்த அந்த வாழ்க்கை எவ்வாறு அமைந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் புதுவையில் பிறந்தார் சுப்புரத்தினம். தந்தையார் கனகசபை முதலியார். அன்னையார் இலக்குமி அம்மாள். திண்ணைப் பள்ளியில் திருப்புளிசாமி ஐயாவிடம் எழுத்தறிவு பெற்றார். பின்னர்ப் பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை ஆகிய புலவர்களிடம் இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றார். யாப்பு அவர் கைக்கு இளமையிலேயே வந்து சேர்ந்தது. இசையிலும் நாட்டம் மிகுதி, நன்றாகப் பாடுவார். 1908இல் புலவர் தேர்வில் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டே, பதினெட்டு வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராக அமர்ந்தார்.

அன்றைய புதுவையில் ஆட்சி மொழி பிரெஞ்சு. பள்ளிகள் பிரெஞ்சு நிருவாகத்தின் கீழ் இயங்கின. அந்த அமைப்பில் தமிழாசிரியர் மேலிடத்தில் இருந்தவர் அல்லர். ஆயினும் கற்ற புலமைக்கு ஒரு மதிப்பு இருந்தது. இலக்கணம் வழுவாமல் செய்யுள் இயற்றுபவர், ஊர் விழாவில் வாழ்த்துப் பாடுபவர், தெய்வங்கள் மேல் பதிகம் பாடுபவர் என்ற அளவில் ஒரு புலவரின் வாழ்க்கை அமைதியாகக் கழிந்திருக்கலாம். சுப்புரத்தினமும் அவ்வழியில்தான் நடந்துகொண்டிருந்தார். கற்றவர் பாராட்டும் செய்யுள் அவருக்கு வந்தது. கல்லாதவர் செவியில் அது நுழையுமா என்ற எண்ணம் அப்போது அவருக்கு எழவில்லை.

திருமண வீட்டுப் பாட்டு

1908ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரதியார் புதுவைக்கு வந்தார். ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி வந்த அவர், பத்தாண்டுகள் இங்கேயே தங்க நேர்ந்தது. 'இந்தியா' இதழ் இங்கிருந்து வெளிவந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இம்மண்ணில் பிறந்தன.

பாரதியார் வந்து சில காலம் சென்றபின், வேணு நாயக்கர் வீட்டுத் திருமணம் ஒன்று நடந்தது. விருந்து முடிந்து பாட்டுக் கச்சேரி. சுப்புரத்தினத்தைப் பாடச் சொன்னார்கள். அவர் பாடியவை பாரதியாரின் நாட்டுப் பாடல்கள். அவற்றை இயற்றியவர் கூட்டத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை அவர் அறியார். பாடி முடித்த பிறகே அறிமுகம் நிகழ்ந்தது. பொருள் உணர்ந்து பாடிய இளைஞரைப் பாரதியாருக்குப் பிடித்துப்போயிற்று. தம் இல்லத்துக்கு வருமாறு அழைத்தார். அன்று தொடங்கிய தொடர்பு பாரதியார் புதுவையை விட்டுப் புறப்படும்வரை நீடித்தது.

அடுத்த நிகழ்ச்சி தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பாரதியார் இல்லத்தில் நண்பர்கள் கூடியிருந்தபோது, சுப்புரத்தினத்துக்குக் கவிதை எழுத வருமா என்ற பேச்சு எழுந்தது. அங்கேயே ஒரு பாட்டு எழுதுமாறு கேட்கப்பட்டது. சக்தியைப் பாடினார் சுப்புரத்தினம். அப்பாட்டைப் பாரதியார் தம் கையாலேயே சென்னையிலிருந்து வெளிவந்த சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். தம்முடைய கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று பாடியவரை அறிமுகம் செய்து வைத்தார்.

நாடறிந்த ஒரு கவிஞர், பெயர் தெரியாத ஓர் ஆசிரியரைத் தம் வட்டத்தைச் சேர்ந்தவர் என்று அச்சில் சொல்லிவிட்டார். பாடியவருக்கு அது பெரும் பேறு. அதே வேளையில் பெரும் பொறுப்பும் ஆயிற்று. அச்சொல்லைச் சுப்புரத்தினம் மறக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பத்தாண்டுப் பழக்கம்

பாரதியார் புதுவைக்கு வந்தபோது சுப்புரத்தினத்துக்குப் பதினேழு வயது. 1918 நவம்பரில் அவர் புறப்பட்டபோது இருபத்தேழு. ஒருவரின் உள்ளம் வடிவம் பெறும் பருவம் முழுவதும் பாரதியாரின் அருகில் கழிந்தது. வ.வே.சு. ஐயர், அரவிந்தர் முதலியோரும் அக்காலத்தில் புதுவையில் இருந்தனர். ஆங்கில அரசின் ஒற்றர்கள் தெருவெங்கும் திரிந்தனர். அரசு ஊதியம் பெறும் ஆசிரியர் ஒருவர் இவர்களோடு பழகுவது ஆபத்தான செயல். சுப்புரத்தினம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

முத்தியாலுப்பேட்டைப் பக்கத்துத் தோப்புகளிலும் கடற்கரையிலும் பாரதியார் பாடிக்கொண்டே நடந்த காலம் அது. பாட்டு எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சுப்புரத்தினம் நேரில் கண்டார். அவர் கற்ற முதற்பாடம் எளிமை பற்றியது. எளிதில் விளங்கும் நடை தாழ்ந்த நடை என்று புலவருலகம் எண்ணியிருந்தது. பாரதியாரைக் கண்டபின் அவ்வெண்ணம் தம்மை விட்டு நீங்கியதைப் பாவேந்தர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். சிந்தும் கண்ணியும் கும்மியும் பெரும்பொருளைத் தாங்கும் என்பதை அவர் உணர்ந்தார். தெருவில் போகிறவனும் பாடத்தக்க பாட்டில் நாட்டின் தலைவிதியையே பேசலாம் என்றும் அறிந்தார்.

இரண்டாம் பாடம் ஏட்டில் இல்லாதது. சாதி வேற்றுமையைப் பாட்டில் மட்டும் பழித்துவிட்டு வாழ்க்கையில் போற்றியவர்கள் பலர். பாரதியாரோ தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். ஊர் பழித்தது, அவர் அஞ்சவில்லை. இச்செயலின் முறை பற்றி இன்று நாம் வேறு கருத்துக் கொள்ளலாம். சொல்லும் செயலும் ஒன்றாக நின்ற ஒரு மனிதரைச் சுப்புரத்தினம் கண்டார் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. பிற்காலத்தில் அவர் பெயர் பற்றிய வழக்கு எழுந்தபோது இந்த நினைவே அவருக்குத் துணை நின்றது.

பாரதியார் பிரிந்த காலத்தை ஒட்டிச் சுப்புரத்தினத்துக்கும் சோதனை வந்தது. பிரெஞ்சு அரசுக்கு எதிரானவர் எனக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். குற்றம் நிலைபெறவில்லை. விடுதலை பெற்றவர், இழந்த வேலையையும் வழக்காடித் திரும்பப் பெற்றார். 1920இல் பழநி அம்மையாரை மணந்தார். கதர் இயக்கம் பரவிய அந்நாளில் கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். 1921 செப்டம்பரில் பாரதியார் சென்னையில் மறைந்தார். ஆசானின் வயது முப்பத்தொன்பதைக்கூட எட்டவில்லை.

மயிலத்துச் சாலையில் ஒரு திருப்பம்

ஆசான் மறைந்தபின் தொண்டர் என்ன செய்தார்? சில ஆண்டுகள் ஆசானின் பாதையிலேயே நடந்தார். தெய்வத்தைப் பாடினார், தேசத்தைப் பாடினார். 1926இல் 'ஸ்ரீ மயிலம் சுப்பிரமணியர் துதியமுது' என்னும் நூல் வெளிவந்தது. புதுவையிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் அமைந்தது நம் சேதராப்பட்டு. மயிலம் முருகனுக்குக் காவடி எடுத்துச் செல்வோர் நம் ஊரைக் கடந்து செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். பகுத்தறிவுப் பாவலர் என நாடறிந்த ஒருவரின் தொடக்க நூல்களுள் ஒன்று அம்மலை முருகனைப் பாடியது என்பது நம்மில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தொலைவு நடந்தார் என்பது தெரியும்.

1928இல் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தோடு தம்மை இணைத்துக்கொண்டார். அதன்பின் அவர் பாட்டின் திசையே மாறியது. 1930இல் தொடங்கப்பெற்ற 'புதுவை முரசு' இதழில் பெரும்பங்கு கொண்டார். அதே ஆண்டில் 'தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டு' வெளிவந்தது. 1933 டிசம்பர் இறுதியில் சென்னையில் ம. சிங்காரவேலர் தலைமையில் கூடிய நாத்திகர் மாநாட்டில், தாம் என்றும் நாத்திகரே எனக் கையொப்பமிட்டார். சக்தியைப் பாடி ஆசானின் வட்டத்துக்குள் நுழைந்தவர், கடவுளே இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ஒரு கவிஞரின் வாழ்வில் இதனினும் பெரிய விலகல் வேறென்ன இருக்க முடியும்?

அவர் அரசு ஊழியர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். எழுத்தால் வேலைக்கு இடையூறு வரலாம். கண்டெழுதுவோன், கிறுக்கன், கிண்டல்காரன் என்று பல புனைபெயர்களில் அவர் எழுதினார். பெயர்கள் வந்தன, போயின. ஒரு பெயர் மட்டும் நிலைத்தது.

ஒரே யாப்பு, இரு முடிவுகள்

கொள்கையில் விலகியவர் கவிதையில் எவ்வாறு விலகினார் என்பதைக் காண, கவிஞர்களாகிய நமக்கு ஒரு நல்ல சான்று உண்டு. பாரதியாரின் குயில் பாட்டையும் 1930இல் வெளிவந்த 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' என்னும் கதைப் பாட்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

இரண்டும் கலிவெண்பாவால் ஆனவை. இரண்டும் ஊருக்கு வெளியே, இயற்கையின் மடியில் நிகழ்பவை. முன்னது ஒரு தோப்பு. பின்னது ஒரு மலைச்சாரல். இரண்டிலும் காதல் உண்டு. உலகியலுக்கு அப்பாற்பட்ட வியப்பும் உண்டு. குயில் பாட்டில் பறவை பேசுகிறது. சஞ்சீவி பர்வதத்தில் மூலிகை பேச வைக்கிறது. ஒன்றைத் தின்றால் உலக மக்களின் பேச்சுக் கேட்கும், மற்றொன்றைத் தின்றால் உலகக் காட்சி தெரியும்.

முடிவில்தான் இரண்டும் பிரிகின்றன. குயில் பாட்டு ஒரு கனவாக முடிந்து, அதற்கு வேதாந்தப் பொருள் காண இயலுமா என்று கற்றவரைக் கேட்டு நிற்கிறது. பாவேந்தரின் கதையில் குப்பனும் வஞ்சியும் மூலிகையின் துணையால் அயல்நாட்டார் பேச்சைக் கேட்கின்றனர். பின்னர்த் தமிழ்நாட்டில் நடக்கும் இராமாயணக் கதைப் பொழிவு செவியில் விழுகிறது. அனுமன் மலையைத் தூக்கும் கட்டத்தைக் கேட்ட குப்பன், தான் நிற்கும் மலைதான் பெயர்கிறது என்று நடுங்குகிறான். அச்சம் தெளிவிப்பவள் வஞ்சி. ஆசானின் பாட்டு கனவின் மறைபொருளை நாடி நின்றது. தொண்டரின் பாட்டு மயக்கம் தெளிந்து விழிப்பதில் நிறைவுற்றது. தெளிந்த அறிவு பெண்ணிடம் இருப்பதாகப் படைத்ததும் அவருடைய தனி வழிக்குச் சான்று.

கருவி ஆசானுடையது, கருத்துத் தம்முடையது. தம் கருத்து வேறு என்பதற்காக ஆசானின் ஓசையை அவர் வெறுக்கவில்லை. ஆசானின் ஓசை பிடித்திருந்தது என்பதற்காகத் தம் கருத்தை அவர் மறைக்கவும் இல்லை. பின்பற்றுவோர் பலரும் ஆசானின் கருத்தைத் திரும்பச் சொல்வார்கள். ஓசையோ அவர்களுக்கு வந்து சேராது. பாவேந்தரிடம் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது.

பெயர் பற்றிய வழக்கு

சுயமரியாதை இயக்கத்தாரில் சிலருக்கு அவர் பெயர் உறுத்தலாகவே இருந்தது. பிராமண குலத்தில் பிறந்த, வேதத்தையும் சக்தியையும் போற்றிய ஒருவருக்கு, நாத்திகர் ஒருவர் தம்மைத் தாசன் என்று சொல்லிக்கொள்வதா? தாசன் என்பதே வடசொல் அன்றோ? இவ்வாறெல்லாம் கேட்கப்பட்டது. பெயரை மாற்றிக்கொள்வது அவருக்கு அரிய செயல் அன்று. புனைபெயர்களை நாள்தோறும் சூடிக் களைந்தவர் அவர். இயக்க மேடைகளில் அந்த மாற்றம் கைதட்டலையும் பெற்றுத் தந்திருக்கும்.

அவர் மாற்றவில்லை. அப்பெயரை ஏற்றபோது தம் உள்ளத்தில் பாரதியாரே முதலிடம் பெற்றிருந்தார் என்றும், தாம் அறிந்த வரையில் சாதிக் கொள்கையை உண்மையாக எதிர்த்தவர் அவரே என்றும் காரணம் கூறினார். இக்காரணத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆசானின் கடவுட்கொள்கையைத் தாம் ஏற்பதாக அவர் சொல்லவில்லை. ஆசானுடைய கொள்கையெல்லாம் தம் கொள்கையே என்று திரித்துக் காட்டவும் இல்லை. எதற்குத் தாம் கடன்பட்டாரோ அதை மட்டும் அளந்து சொன்னார். நன்றியும் நேர்மையும் ஒருங்கே நின்ற இடம் இது.

1935இல் அவர் கவிதைக்கெனவே ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்'. முதற்பாட்டை அனுப்பியபோது பாரதியார் எழுதிய அறிமுகச் சொல் இங்கே இதழின் பெயராகியிருக்கிறது. ஒரு காலத்தில் தம்மை உள்ளே சேர்த்துக்கொண்ட வட்டத்தை, அவர் மற்றக் கவிஞர்களுக்குத் திறந்துவிட்டார். நாத்திகராகக் கையொப்பமிட்டு இரண்டாண்டுகள் கூட நிறையாத காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆசிரியர் பணியும் கவிதையும்

1909 முதல் 1946 வரை முப்பத்தேழு ஆண்டுகள் அவர் ஆசிரியராக இருந்தார். ஓர் ஊரில் நிலையாக இருந்தவர் அல்லர். ஊர் மாற்றம் அவருக்குப் பழகிய ஒன்று. பிரெஞ்சிந்தியச் சிற்றூர்களின் வயலும் ஏரியும் தோப்பும் திண்ணையும் அவர் பாட்டில் வந்து அமர்ந்தமைக்கு இப்பணியே காரணம் எனலாம். 1944இல் வெளிவந்த 'அழகின் சிரிப்பு' பதினாறு பொருள்களைப் பாடுகிறது. கடல், தென்றல், காடு, குன்றம், ஆறு என்று தொடங்கி ஆல், புறா, கிளி, இருள் என வந்து, சிற்றூர், பட்டணம் ஆகியவற்றைத் தொட்டுத் தமிழில் முடிகிறது. இருளையும் அழகின் வரிசையில் வைத்தார், சிற்றூரையும் வைத்தார். இயற்கையைத் தெய்வத்தின் வெளிப்பாடாகப் பாடிய நெடிய மரபில், இயற்கையை அதன் பொருட்டே பாடிய நூல் அது. தெய்வத்தை விட்டு வந்தபின் வியப்புக்கு இடம் ஏது என்று கேட்போருக்கு அந்நூலே விடை.

1937இல் எழுந்த 'புரட்சிக்கவி' அவர் கவித்திறனின் மற்றொரு சிகரம். பில்கணீயம் என்னும் வடமொழிக் கதையின் வழி வந்தது அது. அரசன் மகளுக்கு யாப்புக் கற்பிக்க வருகிறான் கவிஞன். இடையே திரை. அவன் குருடன் என்று அவளிடமும், அவள் தொழுநோயாளி என்று அவனிடமும் சொல்லி வைக்கிறார்கள். நிலவைக் கண்டு அவன் பாடிய பாட்டுத் திரையை விலக்கிவிடுகிறது. குருடன் எப்படி நிலவைப் பாடுவான்? காதல் பிறக்கிறது, கொலைத் தண்டனையும் வருகிறது. பழங்கதையைப் பாவேந்தர் முற்றிலும் மாற்றியது இவ்விடத்தில்தான். கொலைக்களத்தில் கவிஞன் மக்களைப் பார்த்துப் பேசுகிறான், மக்கள் எழுகின்றனர், முடியாட்சியே வீழ்கிறது. அரசனின் அருளால் அன்றி மக்களின் எழுச்சியால் கவிஞன் உயிர் தப்புகிறான். கவிதை யாரை நம்பி வாழ வேண்டும் என்பதைப் பற்றி அவர் கொண்ட முடிவு அது.

1942இல் முதற்பகுதி வெளிவந்த 'குடும்ப விளக்கு' ஐந்து பகுதிகளாக 1950இல் நிறைவுற்றது. ஒரு குடும்பத் தலைவியின் ஒரு நாளில் தொடங்கி, விருந்து, திருமணம், மக்கட்பேறு என வளர்ந்து, முதுமையில் முடிகிறது. தலைவி தங்கம் கற்றவள். வீட்டோடு வணிகத்தையும் பார்க்கத் தெரிந்தவள். விடியல் முதல் இரவு வரை ஓயாமல் உழைக்கும் அப்பெண்ணைப் பற்றி இன்றைய பெண் கவிஞர்கள் கேட்கும் கேள்விகளில் நியாயம் உண்டு. ஆயினும் இறுதிப் பகுதியாகிய முதியோர் காதலைப் படித்தவர் அதனை மறக்க இயலாது. நரைத்த தலையும் தளர்ந்த உடலும் கொண்ட இருவரின் அன்பைத் தமிழில் அவ்வளவு விரிவாகப் பாடியவர் அரியர். கல்வியற்ற வீட்டின் அவலத்தைப் பாடிய 'இருண்ட வீடு' இதன் மறுபக்கம்.

அவர் எழுதியவை அனைத்தும் ஒரே தரத்தன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கட்சிப் பூசலுக்கு விடையாக எழுதிய பாடல்கள் பலவற்றில் சினம் இருக்கிறது, கவிதை குறைகிறது. 1934இல் மேடையேறிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்திலும் வாதமே முன்னிற்கிறது. ஆயினும் அதே இயக்கமே புரட்சிக்கவியையும் தந்தது. கொள்கை கவிதையைக் கெடுக்கும் என்பாரும், கொள்கையே கவிதை என்பாரும் இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படித்தால் தம் முடிவைச் சற்றே தளர்த்திக்கொள்வர்.

நூற்பெயர்கள் காட்டும் வழி

அவருடைய மொழி மாறிய வரலாற்றை அறிய நூற்பெயர்களே போதும். 1926இல் ஸ்ரீயும் துதியும். 1930இல் பர்வதம். 1935இல் மீண்டும் ஸ்ரீ, மண்டலம். 1940களில் குடும்ப விளக்கு, அழகின் சிரிப்பு. 1959இல் 'குறிஞ்சித்திட்டு'. ஒரே நாளில் அவர் தனித்தமிழுக்கு வந்துவிடவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகள் படிப்படியாக நடந்தார். தம் குரல் இன்னும் அமையவில்லையே என்று முதல் தொகுப்பிலேயே கவலை கொள்ளும் இளங்கவிஞர்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தி. முதல் தொகுதியாகிய 'பாரதிதாசன் கவிதைகள்' 1938இல் குஞ்சிதம் குருசாமி அம்மையாரின் முயற்சியால் வெளிவந்தபோது பாவேந்தருக்கு வயது நாற்பத்தேழு.

புகழும் இறுதி நாள்களும்

1946இல் சென்னையில் அறிஞர் அண்ணா முன்னின்று அவருக்கு 25,000 ரூபாய் நிதி திரட்டி அளித்தார். புரட்சிக் கவிஞர் என நாடு அவரைப் போற்றியது. அதே ஆண்டில் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 'குயில்' என்னும் பெயரில் இதழ் நடத்தினார். இடையே தடைக்கும் ஆளானார். 1958இல் அதனைக் கிழமை ஏடாக மீண்டும் தொடங்கினார். அப்பெயரில் முத்தியாலுப்பேட்டைத் தோப்பின் நினைவு கலந்திருக்கிறது என்று கொள்வதில் பிழை இல்லை.

திரைத்துறையும் அவரை நாடியது. 'எதிர்பாராத முத்தம்' 1950இல் பொன்முடி என்னும் படமாயிற்று. தண்டபாணி தேசிகர் பண்ணமைத்த அவருடைய யாழ்ப் பாட்டு 1951இல் வெளிவந்த ஓர் இரவு படத்தின் வழி வீடுதோறும் சென்றது. 1954 நவம்பரில் புதுவை இந்தியாவோடு இணைந்தது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் வென்று அவர் சட்டமன்ற உறுப்பினரானார். இறுதிக் காலத்தில் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 'பாண்டியன் பரிசு' நூலைத் தாமே படமாக்க முயன்றார், அம்முயற்சி நிறைவேறவில்லை. 1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். எழுபத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு எட்டு நாள்கள் இருந்தன. உடல் புதுவைக்குக் கொண்டுவரப்பட்டுப் பிறந்த மண்ணிலேயே அடக்கம் பெற்றது. 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு 1969ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த 95ஆம் எண் இல்லம் இன்று நினைவகமாகத் திகழ்கிறது. புதுச்சேரி அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்தும் அவர் இயற்றியதே.

தொடரும் வட்டம்

ஆசானின் பெயரைத் தாங்கியவருக்குத் தம் பெயரைத் தாங்கும் மாணவரும் வாய்த்தனர். இராசகோபாலன் என்னும் இளைஞர், பாவேந்தரின் இயற்பெயரால் சுப்புரத்தினதாசன் என்று தம்மை அழைத்துக்கொண்டார். அப்பெயர் சுருங்கிச் சுரதா ஆயிற்று. வில்லியனூரில் 1915இல் பிறந்து பாவேந்தரிடம் தொடக்கக் கல்வி பெற்ற சிறுவர் பின்னாளில் வாணிதாசன் ஆனார். முடியரசன், புதுவைச் சிவம், தமிழ்ஒளி எனப் பாவேந்தர் வழிவந்த கவிஞர் வரிசை நீண்டது. முருகு சுப்பிரமணியனின் 'பொன்னி' இதழ் அவர்களைப் பாரதிதாசன் பரம்பரை என்றே அறிமுகம் செய்தது.

இவர்களுள் யாரும் பாவேந்தரின் நகலாக நின்றுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சுரதா உவமையில் தமக்கெனப் புதுவழி கண்டார். வாணிதாசன் இயற்கையில் தோய்ந்தார். தமிழ்ஒளி பொதுவுடைமையின் பக்கம் சென்றார். பாவேந்தர் தம் ஆசானிடமிருந்து விலகியதைப் போலவே இவர்களும் விலகினார்கள். அவர் பெயரைப் போற்றியதைப் போலவே போற்றவும் செய்தார்கள்.

நம் வட்டத்துக்கு இப்போது பத்து வயது. பாரதியாரும் சுப்புரத்தினமும் பழகிய காலமும் பத்தாண்டுகளே. இங்கே தம் முதற்பாட்டைப் படித்தவர்கள் சிலர் இன்று நூல் வெளியிட்டிருக்கிறார்கள். சிலர் வேறு வழிகளில் சென்றிருக்கிறார்கள். மூத்தோரின் கருத்தை மறுத்து எழுதியோரும் உண்டு. அவர்கள் எவரையும் நாம் இழந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. புதிதாக எழுத வரும் இளைஞரை நம்முள் ஒருவர் என்று அறிமுகம் செய்ய நாம் தயங்காதிருப்போம். அவர் நம்மைப் போலவே எழுத வேண்டும் என்று எதிர்பாராதிருப்போம். பாரதியார் அன்று ஒரு பள்ளி ஆசிரியரின் பாட்டோடு சில சொற்களைச் சேர்த்து அஞ்சலில் அனுப்பினார். அது என்ன ஆகும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. நாமும் அவ்வாறே செய்வோம்.